துணைவர் கழகத்துக்கு வித்து போட்டவன்

உக்காருங்க சார். பாருங்க, நீங்க ஹாஸ்டல் வார்டன், நான் வந்த ஆளு, நான் போய் உங்களை உக்காரச் சொல்லுதேன். பழக்க தோசம். ஒரு காலத்துல இந்த ரூம்ல நான் உக்காருன்னு சொன்னாத்தான் எவனும் உக்காருவான்.

கல்லு திறப்பு விழா லிஸ்ட்ல என் பேரு இல்லன்னு உங்க வாட்ச்மேன் சொல்லுதாரு. இருக்காது சார். லிஸ்ட்டெல்லாம் விருந்தாளிக்கு. வீட்டுக்காரனுக்கு எதுக்கு? கோமதிநாயகம் வந்திருக்காருன்னு உள்ள ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, போதும். சொல்லி விட்டாச்சா? சரி, அப்ப இருக்கேன். வெயில்ல பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்தேன். கொஞ்சம் தண்ணி குடுங்க.

அந்தா வேப்ப மரத்தடியில மஞ்சத் துணி போட்டு மூடியிருக்கே, அதானே கல்லு? போட்டோ பாத்தேன் சார், வாட்ஸ்அப்புல யாரோ போட்டிருந்தாங்க. மேல 'துணைவர் கழகம், கிழக்கு பிளாக்'. அதுக்குக் கீழ 'ஒருவனையும் தனியே விடோம்'. அதுக்குக் கீழ ஆறு பேரு. ஆறாவது பேருக்குக் கீழ இடம் கெடக்கு. நான் பெருசாக்கிப் பாத்தேன். இன்னொரு பேரு தாராளமா வெட்டலாம். அதுக்குத்தான் வந்திருக்கேன். சண்டைக்கு வரல. முறைப்படி பாத்தா என் பேருதான் முதல்ல வரணும், சரி போவுது, ஏழாவதா போட்டாப் போதும்னு சொல்லத்தான் வந்தேன்.

நீங்க தர்மபுரிப் பக்கம்னீங்கல்லா? வந்து ரெண்டு வருசமா? அப்ப உங்களுக்குக் கழகம் தெரியும், கழகம் எப்படி வந்துதுன்னு தெரியாது. யாருக்கும் தெரியாது சார். அந்த ஆறு பேரும் வாயத் திறந்து சொன்னதே கிடையாது. வருசா வருசம் புதுசா சேருத பயலுவ பின்னால இருக்க தண்ணித் தொட்டியில சட்டை பேண்ட்டோட ஆறு ஆறு பேரா இறங்குதானுவலா? ஏன்னு கேட்டிருக்கீங்களா? கூட்டம் ஆரம்பிக்கும்போது எல்லாரும் டம்ளரை எடுத்துச் சுவத்துல தட்டுதானுவலா? ஏன்னு கேட்டிருக்கீங்களா? சம்பிரதாயம்னு சொல்லியிருப்பானுவ. சம்பிரதாயம் வானத்துல இருந்தா விழுந்துது? ஒரு ஆளு இருந்தான் சார். அந்த ஆளு உங்க முன்னால இருக்கான்.

நான் அப்ப மூணாம் வருசம். மாடி ஏறினதும் முதல் ரூம். எங்க அப்பாவுக்கு ரெண்டு ரைஸ் மில்லு. அப்ப இருந்த வார்டன் எங்க அப்பாவுக்கு வேண்டியவரு. அதை எதுக்குச் சொல்லுதேன்னா, அந்த பிளாக்கை அவரு எங்கிட்ட விட்டுட்டாருன்னே வச்சுக்கிடுங்க. அந்த வருசம் என் வராந்தாவுல புதுசா ஆறு பேரு வந்தானுவ. சினிமாப் பைத்தியம் ஒண்ணு, அம்மாவை நினைச்சு அழுதது ஒண்ணு, எந்நேரமும் புத்தகமும் கையுமா ஒண்ணு, சண்முகவேல்னு ஒரு குண்டன், எபனேசர்னு ஒரு கடக்கரைப் பையன், ஒல்லி, ஆனா குரல் நல்லாருக்கும். பொறவு தங்கமாடன். தேரிக்காட்டுப் பக்கம், வெறும் செம்மணல் பூமி. அவங்க வீட்டுல முதல் முதலா காலேஜுக்கு வந்த பையன். ஆறுக்கு ஆறு ஒவ்வொரு திக்கு. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்க மாட்டான். சோத்துக்குக்கூடத் தனித்தனியாப் போவானுவ. இப்படி இருந்தா எப்படி உருப்படுவானுவ? நான் பொறுப்பெடுத்துக்கிட்டேன்.

இப்ப அதுக்கு ராகிங் கீகிங்னு என்னமோ பேரு வச்சு, போஸ்டர் ஒட்டி, கேஸ் போடுதாங்க. உங்க வாசல்லயும் ஒட்டியிருக்கே, பாத்துட்டுத்தான் வந்தேன். அப்ப அதுக்குப் பேரெல்லாம் கிடையாது. பெரியவன் சின்னவனுக்குப் பழக்கிக் குடுக்கது. என் துணியத் துவைப்பானுவ. கால் அமுக்குவானுவ. எபனேசரைப் பாடச் சொல்லுவேன், நிப்பாட்டுன்னு நான் சொல்லுத வரைக்கும் பாடணும். ஒருநாள் குரல் போயி ரத்தம் துப்பினான், அதுக்குப் பொறவுதான் குரல் கனமா ஆச்சு. சர்ச்சுல பாடுதானாம் இப்ப. யாரு குடுத்த பயிற்சி?

ஒரு விசயம் நான் கண்டுபிடிச்சேன் சார். கூட்டமா நிக்கவனுக்கு ஒண்ணும் ஏறாது. ஒவ்வொருத்தனாத்தான் கூப்பிடணும். தனியா வந்து நிக்கும்போதுதான் பயலுக்குப் புத்தி வேலை செய்யும். 'ஏல, நீ மட்டும் வா' அப்படின்னு மாடிப்படியில நின்னு ஒரு குரல் குடுப்பேன். மத்த அஞ்சு பேரும் அவனவன் ரூம்ல கதவைச் சாத்திக்கிடுவான். நம்மளைக் கூப்பிடலியேன்னு ஏக்கம். அப்படித்தான் நான் நினைச்சேன்.

வாட்ச்மேன் வந்துட்டாரு போல. என்ன சொல்லுதாங்க? இருக்கச் சொன்னாங்களா? யாரு சொன்னா, எபனேசரா? எல்லாரும் பேசிட்டு இருக்காங்களா? பேசட்டும் பேசட்டும். வந்தவரை எப்படி வரவேற்கதுன்னு பேசுவானுவ. எதுவானாலும் கூடிப் பேசித்தான் செய்வானுவ. போன மாசம் சண்முகவேலுக்குப் போன் பண்ணினேன். எடுத்தான். 'யாரு?'ன்னான். சொன்னேன். 'இருங்க, நான் கூப்பிடுதேன்'னு வச்சுட்டான். ஒரு மணி நேரம் கழிச்சுக் கூப்பிட்டான் பாருங்க, ஆறு பேரும் ஒரே லைன்ல. ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் துபாய்ல மகன் வீட்டுல. என்கிட்ட பேசணும்னா ஆறு பேரும் சேந்துதான் பேசுவோம்னு ஒரு கட்டுப்பாடு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு சார். எபனேசர்தான் பேசினான். 'அண்ணாச்சி, நீங்க வரவேண்டாம்'னான். வயசான காலத்துல எதுக்கு அலையணும்னு ஒரு அக்கறை. நான் வருவேம்லேன்னு சொன்னேன். டொக்குன்னு கட்டாயிட்டு. சிக்னல் கிடையாது எங்க ஏரியாவுல.

ஆமா, எங்க விட்டேன்? தங்கமாடன்.

தங்கமாடனுக்குத் தண்ணின்னா பயம். தேரிக்காட்டுப் பயலுக்குத் தண்ணியை எங்க தெரியும்? பின்னால பம்ப் செட்டுத் தொட்டியில எல்லாரும் இறங்கிக் குளிப்பானுவ, இவன் மட்டும் வாளியில கோரி ஊத்திக்கிட்டு நிப்பான். எனக்குப் பாக்கச் சகிக்கல. ஆம்பளைப் பயல் தண்ணிக்குப் பயப்படலாமா? பயத்தைத் தெளிய வைக்கணும்னு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், எல்லாவனும் சாப்பிடப் போயிருந்தப்ப, 'ஏல தங்கமாடா, நீ மட்டும் வா'ன்னு கூப்பிட்டேன். வந்தான். தொட்டியில இறக்கி, தலையை உள்ள அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஐம்பது எண்ணுத வரைக்கும்னு சொல்லியிருந்தேன். நாப்பதுலயே எடுத்துட்டேன் சார். நம்ம மனசு அப்படி. பொறவும் ஒருக்க. பொறவும் ஒருக்க. பயம்ங்கது ஒரே தடவையில போவாதுலா?

ஏன் சார், என்ன அப்படிப் பாக்கீங்க? தண்ணி குடிங்க. எனக்குக் குடுத்துட்டு நீங்க குடிக்கவே இல்ல.

அவனுக்கு ஒண்ணும் ஆகல. கண்ணு செருகின மாதிரி இருந்துது, கன்னத்துல தட்டினேன், முழிச்சிட்டான். காதுல மட்டும் தண்ணி போயி சீழ் வச்சுட்டு. இடது காது. பெரியாஸ்பத்திரியில காட்டினானுவ, இனி கேக்காதுன்னு சொல்லிட்டாங்களாம். வலது காது நல்லாத்தான் இருந்துது. அதை வச்சுத்தானே அவ்வளவு பெரிய வக்கீலாகி, கோர்ட்டுல நின்னு பேசினான்? அதை எவனும் சொல்ல மாட்டான்.

நீங்க எதுக்கு சார் திரும்பத் திரும்ப அந்தக் காதையே கேக்கீங்க? நான் கழகம் பிறந்த கதையைச் சொல்லுதேன். இப்பத்தான் அதுக்கே வந்திருக்கேன்.

ரெண்டு மூணு நாளு நான் யாரையும் கூப்பிடல. பயலுவளும் அமைதியா இருந்தானுவ. பொறவு ஒருநாள் சாயங்காலம், துவைக்கத் துணி கெடந்துது, படியில நின்னு 'ஏல எபனேசர், நீ மட்டும் வா'ன்னேன். உடனே உள்ள இருந்து ஒரு சத்தம். டங், டங், டங். எவர்சில்வர் டம்ளரைச் சுவத்துல தட்டுத சத்தம். அடுத்த ரூம்ல டங் டங். அதுக்கு அடுத்த ரூம்ல. வராந்தா பூராவும் அந்தச் சத்தந்தான். நான் என்னடா இதுன்னு நிக்கேன், கதவெல்லாம் திறக்குது. ஆறு பேரும் வாறானுவ. வேகமா இல்ல, ஓடல, சாதாரணமா நடந்து வந்து என் முன்னால வரிசையா நின்னானுவ. கையில அவனவன் டம்ளர். காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத் தங்கமாடன் நடுவுல. நான் கூப்பிட்டது ஒருத்தனை, வந்து நிக்கது ஆறு பேரு.

அன்னைக்குத்தான் சார் கழகம் பிறந்துது. அந்தப் படிக்கட்டுலதான். அதுவரைக்கும் ஆறு திக்கா இருந்த பயலுவ, என் ஒரு குரலுக்கு ஒண்ணாச் சேந்தானுவ. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ரெண்டு படி மேல கூட ஏறிட்டேன்னு வச்சுக்கிடுங்க. சந்தோசத்துலதான்.

அதுக்குப் பொறவு தினமும் அதேதான். யாரைக் கூப்பிட்டாலும் டம்ளர் சத்தம், ஆறு பேரு. சோத்துக்கு ஆறு பேரு, குளிக்க ஆறு பேரு. ராத்திரி ஒருத்தன் கக்கூஸுக்குப் போனா வாசல்ல ஒருத்தன் நிப்பான். நான் வராந்தாவுல நடந்தாலே போதும், டங் டங்னு ஆரம்பிச்சிருவானுவ. கோயில்ல சாமி வெளிய வரும்போது மணி அடிக்க மாதிரி. அவ்வளவு மரியாதை. அதைத்தான் இன்னைக்கும் தட்டுதானுவ. எதுக்குத் தட்டுதோம்னு தெரியாமலே தட்டுதானுவ.

சரி, இவனுவ ஒத்துமை எவ்வளவு தூரம் நிக்குன்னு ஒருநாள் சோதிச்சுப் பாத்தேன். எபனேசரைத் தொட்டிக்கு வரச் சொன்னேன். ஆறு பேரும் வந்தானுவ. 'எபனேசர் மட்டும் இறங்கு, மத்தவன் போங்கல'ன்னேன். எவனும் அசையல. நான் சத்தம் போட்டேன். அப்ப தங்கமாடன் காதுப் பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில வச்சுட்டு, முதல்ல அவன் இறங்கினான் சார். தண்ணியப் பாத்தாலே நடுங்குத பயல். பல்லு கிட்டிப் போயிருக்கு, ஆனாலும் இறங்கினான். அவனுக்குப் பின்னால எபனேசர், பொறவு சண்முகவேல், மத்தவனுவ. துணிமணியோட. நெஞ்சளவு தண்ணியில ஆறு பேரும் கையக் கோத்துக்கிட்டு நின்னு என்னையே பாக்கானுவ. நான் தொட்டி விளிம்புல நிக்கேன். ரொம்ப நேரம் சார். பம்ப் செட்டுக்காரர் கூட மோட்டாரை நிப்பாட்டிட்டு வந்து பாத்தாரு.

பொறவு எபனேசர் மெதுவாச் சொன்னான். "அண்ணே, நீங்களும் இறங்குங்க."

எவ்வளவு மரியாதையாச் சொன்னான் தெரியுமா? தங்களோட சேந்துக்கிடச் சொல்லிக் கூப்பிடுதான். ஏழாவது ஆளா. அதைத்தான் நான் இன்னைக்குக் கேக்கேன். அன்னைக்கே என்னைச் சேத்துக்கிட்டாச்சு, கல்லுல போடுததுல உங்களுக்கு என்ன கஷ்டம்?

நான் இறங்கல. எனக்குச் சளி உடம்பு. ரூமுக்குப் போய்ட்டேன். தாப்பாள் போட்டுக்கிட்டேன், அன்னைக்குக் காத்து அதிகம். அதுக்குப் பொறவு பரீட்சை வரைக்கும் நான் அவ்வளவா வெளிய வரல. படிப்பு இருந்துதுலா? சாப்பாட்டைக் கூட ரூமுக்கே வரச் சொல்லிட்டேன்.

அப்படி முளைச்சதுதான் இது. இன்னைக்குப் பாருங்க, எத்தனை டாக்டர், எத்தனை தாசில்தார். கழகத்துக்காரன் ஒருத்தன் ஆஸ்பத்திரியில படுத்தா அங்க எவனாவது ஒருத்தன் கூடப் போய்ப் படுத்திருப்பான். பிள்ளைக்குக் கல்யாணம்னா பந்தியில நின்னு பரிமாறுவான். செத்தா தோள் குடுக்க ஆறு பேரு எங்கிருந்தாலும் வந்திருவான், அது எழுதாத சட்டம். என் வீட்டுக்காரி மதுரையில ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் தகவல் சொல்லி விட்டேன். அந்த ஆறு பேருல ரெண்டு பேரு வந்தானுவ. ரத்தம் குடுத்தானுவ. அவளைப் பாத்துக் கும்பிட்டுட்டு, ஹார்லிக்ஸ் வச்சுட்டுப் போனானுவ. நான் பக்கத்துலதான் நிக்கேன், எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அவசரம் போல. அவ அப்பவே கேட்டா, 'நீங்க இவங்களை என்ன செஞ்சீங்க?'ன்னு. என்ன செஞ்சேன், உருவாக்கினேன்னு சொன்னேன். அந்தால திரும்பிப் படுத்துக்கிட்டா.

இப்ப அவ இல்ல. வீட்டுல நான் மட்டுந்தான். பெத்த பயலுவ ரெண்டு பேரு இருக்கானுவ, ஒருத்தன் ஓசூரு, ஒருத்தன் பெங்களூரு. வந்தா ரெண்டு பேரும் சேந்துதான் வருவானுவ. ஒருத்தன் மட்டும் வரவே மாட்டான். பேரப் பிள்ளைகளை ஒருநாளும் எங்கிட்ட விட்டுட்டுப் போனது இல்ல. அவ்வளவு ஒத்துமை. அதுவும் நான் வளத்த வளப்புத்தான். ஆனா வருசத்துக்கு ஒருக்கதான் வாறானுவ சார்.

உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன? போன ஐப்பசியில ஒருநாள் ராத்திரி வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். எந்திரிக்க முடியல. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், ஒருத்தரும் வரல. குழாய்த் தண்ணி மேல விழுந்துக்கிட்டே இருக்கு. காலையில பால்காரர் வந்து பாத்துத்தான் தூக்கினாரு. அப்பத்தான் சார் நினைச்சேன். அந்தக் கல்லுல என் பேரு இருந்துட்டா அவனுவ வந்தாகணும். நான் செத்தா ஆறு பேரு வந்தாகணும். எனக்குப் பயமா இருக்கு சார். தனியாக் கெடந்து போயிருவேனோன்னு பயமா இருக்கு.

சரி விடுங்க. நல்ல நாளும் அதுவுமா.

ஏன் சார் எந்திரிச்சிட்டீங்க? ஹால்ல மைக்கு நின்னுட்டுதே, கவனிச்சீங்களா? இவ்வளவு நேரம் எவனோ பேசிட்டு இருந்தான். கல்லைத் திறக்கப் போறானுவளோ? நான் போகாம எப்படித் திறக்கலாம்?

இருங்க. கேக்குதா? நல்லாக் கேளுங்க. டங், டங், டங். தட்டுதானுவ சார். ஹால் பூராவும் தட்டுதானுவ. இத்தனை வருசம் கழிச்சு, நான் வந்தது தெரிஞ்ச உடனே தட்டுதானுவ பாருங்க. நான் சொன்னேம்லா உங்ககிட்ட?

அந்தா கதவைத் திறக்கானுவ. வாறானுவ. ஆறு பேரும். நரைச்சுப் போய், கம்பு ஊணிக்கிட்டு, சண்முகவேல் இப்பவும் குண்டன். நடுவுல தங்கமாடன். இடது பக்கம் எபனேசர், அவன் கையப் பிடிச்சுக்கிட்டு. அன்னைக்கு நடந்த அதே நடை. எல்லாவன் கையிலயும் டம்ளர். என்னை வரவேற்க எல்லாரும் சேந்து வாறானுவ. ஏன் இந்தப் பக்கம் வரல? ஏன் கல்லுக்கு முன்னால வரிசையா நிக்கானுவ?

ஏல எபனேசர், நான்தாம்ல. கோமதியண்ணன். தங்கமாடன் கையை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிடுதானே சார். ஏல தங்கமாடா, உனக்குக் கேக்குதால? நீ மட்டும் இப்படி வா. ஒரு வார்த்தை பேசணும். நீ மட்டும் வா போதும்.

ஆறு பேரும் ஒரு அடி முன்னால வாறானுவ.

சார், நீங்களாவது சொல்லுங்க. நீங்க எங்க சார் போறீங்க? என்னை இங்கன விட்டுட்டு நீங்க ஏன் அங்க போறீங்க? டம்ளரை ஏன் எடுத்துட்டுப் போறீங்க, நான் இன்னும் தண்ணி குடிச்சு முடிக்கலியே. சார், அங்க நிக்காதீங்க. தங்கமாடனுக்கு அந்தப் பக்கம், வரிசையில, நீங்க நிக்கீங்களே.

அது ஏழாவது இடம் சார். அது என் இடம்லா?